பதுளை மக்கள் பருகும் நீர்

கேத்தலின் அடியில் சுண்ணாம்பு பூசியது போன்று வெண்படிவு தென்பட்டதும், "இந்தத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் விழும்" என்ற அச்சம் நம்மவர் வீடுகளில் எழுந்துவிடுகின்றது. அந்த அச்சத்தை நம்பி வீடு வீடாக வடிகட்டி இயந்திரங்களை விற்பனை செய்வோரும் இருக்கின்றனர். பதுளை நகரிலும் அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களிலும் குடிநீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வெண்படிவிலேயே தொடங்கி, அதிலேயே முடிந்தும் விடுவதை நாம் காண்கின்றோம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இந்தப் படிவை விட, கண்ணுக்குத் தெரியாதவையே கவலைக்குரியவை.

நீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியம் ஆகிய உப்புகளின் அளவேயாகும். மழைநீர் மென்மையானது. அது பாறைகளினூடாகக் கசிந்து வரும்போதே இவ்வுப்புகளைச் சேர்த்துக்கொள்கின்றது. ஊவா மலைகளின் பெரும்பகுதி எளிதில் கரையாத பாறைகளால் ஆனது. ஆகவே அங்குள்ள ஊற்றுகளில் பல மென்னீர் ஊற்றுகளே. எனினும் இம்மலைகளின் இடையிடையே பளிங்குச் சுண்ணக்கல்லும் டொலமைட்டும் பட்டைகளாக ஓடுகின்றன. கவ்வாத்துக் காலத்தையொட்டித் தேயிலை மலைகளில், மண்ணின் புளிப்பைத் தணிக்கத் தூவப்படும் அதே டொலமைட் தான் இது. அத்தகைய பாறையைத் தொட்டு வரும் ஊற்றின் நீர் கடினமாகவும், சில நூறு யார் தள்ளியுள்ள மற்றோர் ஊற்றின் நீர் மென்மையாகவும் இருப்பதில் வியப்பில்லை.

ஒரு லீற்றர் நீரில் கல்சியம் காபனேற்றுக் கணக்கில் 60 மில்லிகிராமுக்குக் குறைவாயின் அது மென்னீர். 180 ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் எனப் பொதுவாக வகுப்பர். குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயமான எஸ்.எல்.எஸ். 614, 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதன் உச்ச அளவை 250 மில்லிகிராம் என வரையறுத்துள்ளது. உலக சுகாதார நிறுவனமோ, உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட எல்லை எதனையும் கடினத்தன்மைக்கு விதிக்கவில்லை. சவர்க்காரம் நுரைக்காது, சுடுநீர்க் குழாய் அடைபடும், தேநீரின் மேல் ஏடு படியும் என்பன உண்மையே. கடின நீரால் தான் சிறுநீரகக் கல் உண்டாகின்றது என்பது நிறுவப்பட்டதன்று. நீரைக் கொதிக்க வைக்கும்போது கடினத்தன்மையின் ஒரு பகுதி படிவாக வெளியேறிவிடுகின்றது. கேத்தலில் நாம் காண்பது அதனைத்தான்.

அவ்வாறாயின் கவலைப்பட ஏதுமில்லையா? நிச்சயமாக உண்டு. பதுளை மாவட்டம் நீரைப் பொறுத்தவரை ஒரு மாவட்டமன்று, இரண்டு மாவட்டங்கள். மலையிலிருந்து இறங்கி மஹியங்கனை, கிராந்துருக்கோட்டை ஆகிய பகுதிகளை அடைந்தால், நிலத்தடி நீரில் கடினத்தன்மையுடன் புளோரைட்டும் சேர்ந்திருக்கின்றது. 1990 களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் முதலில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் கிராந்துருக்கோட்டை விவசாயிகளையும் விட்டுவைக்கவில்லை. கடின நீர், புளோரைட், விவசாய இரசாயனங்கள், வெப்பத்தில் போதிய நீரருந்தாது உழைத்தல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்ட போதிலும், அறிஞரிடையே இறுதி முடிவு எட்டப்படவில்லை. கடின நீருடன் கிளைபோசேட் சேர்வதே காரணம் என 2014 இல் முன்வைக்கப்பட்ட கருதுகோளின் எதிரொலியாக, 2015 இல் அக்களைநாசினி தடைசெய்யப்பட்டது. களை பிடுங்க ஆளின்றித் தேயிலைத் தோட்டங்கள் தவித்ததும், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டதும் தோட்ட மக்கள் அறிந்த கதை.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற வேண்டும். கொதிக்க வைப்பதால் புளோரைட் நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இலங்கைத் தரநிர்ணயம் அதற்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். ஆகவே தாழ்நிலப் பகுதிக்கு எதிர்ச்சவ்வூடு பரவல் முறைச் சுத்திகரிப்பு நிலையங்களோ, ஆற்றுநீரைக் குழாய்வழி கொண்டு வருவதோ பொருத்தமான வழிகள். அதே இயந்திரத்தைப் பதுளை நகரத்து வீடொன்றில் கடன்பட்டுப் பொருத்துவது பெரும்பாலும் வீண்செலவாகும்.

மலைப்பகுதியின் நோய் வேறு. தோட்டங்களில் பீலியில் விழும் நீர் பளிங்கு போல் தெளிந்திருக்கும். சவர்க்காரமும் நன்கு நுரைக்கும். ஆனால் ஊற்றுக்கு மேலே லயன்களின் மலசலகூடக் குழிகளோ மாட்டுக் கொட்டில்களோ இருப்பின், அந்தத் தெளிவு வெறும் தோற்றமே. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் இவ்வழியே தான் வருகின்றன. 2007 இல் கம்பளையில் பரவிய செங்கமாரியை மலையகத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நகரத்துக் குழாய்நீரும் முற்றிலும் விதிவிலக்கன்று. விட்டு விட்டு நீர் விநியோகிக்கப்படும்போது, அமுக்கம் குறைந்த குழாய்கள் தம் வெடிப்புகளினூடாகச் சுற்றியுள்ள அழுக்கை உள்ளிழுக்கும். மழைக்காலத்தில் பதுளு ஓயா செந்நிறமாகப் பெருகும் நாட்களில், கலங்கல் நீங்காத நீரில் குளோரின் தன் வேலையைச் சரிவரச் செய்யாது. குளோரின் வாடை அடிப்பதாக முகஞ்சுளிப்போர், அந்த வாடையே தமக்குக் காவல் என்பதை உணர வேண்டும். பள்ளிவாசல்களின் வுழூத் தாங்கிகள், கோயில்களின் நீர்த்தொட்டிகள், பாடசாலைகளின் கூரைத் தாங்கிகள் ஆகியன கழுவப்பட்டு எத்தனை காலமாயிற்று என்பதையும் நிர்வாகிகள் எண்ணிப் பார்ப்பது நன்று.

நீரின் தரத்தைப் பற்றிப் பேசும்போது, நீரே இல்லாமற் போனவர்களை மறத்தலாகாது. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் பெரும் நீர்க்கசிவு ஏற்பட்டதைத் தொடர்ந்து, பண்டாரவளைச் சுற்றாடலில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். 120 மெகாவோற் மின்சாரத்துக்கான அத்திட்டம் 2024 ஏப்ரல் 24 அன்று திறந்துவைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஊற்று நீரைப் பருகியவர்கள் பவுசருக்காக வாளியுடன் காத்து நின்றமை, அத்திட்டத்தின் வரவு செலவுக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டதோ நாமறியோம்.

தோட்டங்களின் நிலையில் ஒரு சட்டச் சிக்கலும் நெடுங்காலம் இருந்தது. தனியார் நிலம் எனக் கூறித் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவையாற்றப் பிரதேச சபைகள் பின்வாங்கி வந்தன. 2018 இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீக்கப்பட்டது. அதன் பின்னரும் குடிநீரைப் பற்றிக் கேட்கும் தொழிலாளியைத் தோட்ட நிர்வாகம் பிரதேச சபையிடமும், பிரதேச சபை நீர்வழங்கல் சபையிடமும் அனுப்பிக்கொண்டிருப்பதற்கு நியாயமே இல்லை.

தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தன் நீரைப் பரிசோதித்தே வருகின்றது. அப்பெறுபேறுகள் பட்டியல் செலுத்துவோரின் கைக்கு வர வேண்டும் என்பதே நமது கோரிக்கை. மாதாந்தப் பட்டியலின் பின்புறத்தில் கடினத்தன்மை, புளோரைட், கலங்கல், கொலிபோம் பற்றீரியா ஆகிய நான்கையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுவதற்குப் பெருஞ்செலவு ஏற்படப் போவதில்லை. அதுவரை மக்கள் வாளாவிருக்க வேண்டியதுமில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தவொரு பிரசையும் சபையின் தகவல் அலுவலரிடம் இப்பெறுபேறுகளைக் கேட்கலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். கோரிக்கை பற்றிய தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும். பீலி நீரை நம்பியிருக்கும் தோட்டத்தவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, மாதிரி எடுக்குமாறு கோருதல் வேண்டும். நாமே போத்தலில் பிடித்துச் சென்றால் என்ன எனச் சிலர் எண்ணக்கூடும். பற்றீரியாப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்கப்பட்ட மாதிரியே பயன்படும்.