எஞ்சினீயர் என்னும் பெயருக்கு உரியவர் யார்?

அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேயருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அந்நகரில் விரிகுடாவை அடுத்து அமைந்திருப்பது ஜங்லிகாட். மீன் இறங்குதுறையும் நெருங்கிய குடியிருப்புகளும் கொண்ட அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் இந்நகரின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பள்ளமான இடங்களில் கடல்நீர் புகுந்தது. இத்தகைய மண்ணில் ஒரு பாலத்தையோ பள்ளியையோ கட்டுபவர் கணக்கில் பிழை செய்தால், அப்பிழை உயிர்களைப் பலிகொள்ளும். ஆகவே, ‘இவர் தொழில் அறிந்தவர்’ என்று உறுதி கூறுவது யார் பொறுப்பு என்ற வினா இங்கு வெறும் ஏட்டு வினா அன்று.

இவ்வினாவுக்கு விடை தேட முற்பட்டவர்கள் இளைஞர்களே. 1818ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில் இளம் எஞ்சினீயர் சிலர் கூடிச் சிவில் எஞ்சினீயர்கள் கழகத்தை நிறுவினர். முதல் இரண்டாண்டுகளில் அதில் சேர்ந்தோர் மிகச் சிலரே. 1820இல் தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் முதுபெரும் நிபுணர் தலைமையை ஏற்ற பின்னரே கழகம் தழைத்தது; 1828இல் அரச சாசனமும் கிடைத்தது. இளையோரின் ஆர்வமும் மூத்தோரின் துணையும் ஒன்றுகூடினாலன்றி இத்தகைய அமைப்பு நிலைபெறாது என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டில் சர் தாமஸ் ஹாலண்டின் தலைமையில் 1916 முதல் 1918 வரை பணியாற்றிய கைத்தொழில் கமிஷனை அடுத்து இம்முயற்சி உருப்பெற்றது. இந்திய எஞ்சினீயர்கள் கழகம் 1920இல் சென்னையில் பதிவு பெற்று, 1921இல் கல்கத்தாவில் தொடங்கிவைக்கப்பெற்றது. 1935இல் அதுவும் அரச சாசனம் பெற்றது.

பட்டம் ஒருவருடைய கல்வியைக் காட்டும். உறுப்பினர் தகுதியோ அக்கல்வியை அவர் களத்தில் பயன்படுத்திய திறத்தைக் காட்டும். விண்ணப்பிப்பவர் தாம் பெற்ற பயிற்சியையும், தாமே பொறுப்பேற்றுச் செய்த பணிகளையும் எழுதித் தருதல் வேண்டும். அவரை நேரில் அறிந்த மூத்த உறுப்பினர்கள் அதற்குச் சாட்சி கூறிக் கையொப்பம் இடுதல் வேண்டும். பதிவு என்பதன் உயிர்நாடி இதுவே.

இவ்வழியில் நடந்து காட்டியவர் ஏ. லலிதா அம்மையார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்ற அவர், 1940இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அவரை அடுத்து மேலும் இரு பெண்கள் அங்குச் சேர்ந்தனர். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சிட்டிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்து, ‘அவள்’ என்று திருத்தித் தர நேர்ந்ததாம்! நம் தமிழில் எழுதியிருப்பின் ‘அவர்’ என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்திருக்கும். ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற அம்மையார், பின்னர்ப் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளிலும் பங்கு கொண்டார். லண்டன் மின்பொறியாளர் கழகம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும், 1966இல் முழு உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தது. கல்லூரி அளித்த பட்டத்துக்கு மேலாகத் தொழில் உலகம் அளித்த அங்கீகாரம் அது.

கல்லூரி வாயில் எட்டாதவர்க்கும் கழகம் ஒரு வழி வகுத்தது. 1928 முதல் அது நடத்தி வந்த ஏ.எம்.ஐ.இ. தேர்வுகளில் வென்றவரைப் பட்டதாரிக்கு நிகராக அரசு ஏற்றது. அந்தமானில் பட்டம் அளிக்கும் பொறியியற் கல்லூரி நெடுங்காலம் இல்லை. பகலில் வேலைத்தளத்தில் நின்று, இரவில் நூல்களைப் புரட்டும் டிப்ளமா படித்தவர்க்கு அத்தேர்வு கடல் தாண்டாமல் மேலேறும் ஏணியாயிற்று. ஆயின், 2013 மே 31ஆம் நாளுக்குப் பின் அத்தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டவர்க்கு அந்த நிகர்த்தகுதி இல்லை என்று மத்திய அரசு முடிவு செய்தது. கல்வியின் தரத்தைக் காப்பது நன்றே. எனினும், தொலைவில் உள்ளவர்க்கு ஓர் ஏணி குறைந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

கணக்காயர்க்கு 1949இலும், வழக்கறிஞர்க்கு 1961இலும், கட்டடக் கலைஞர்க்கு 1972இலும் நாடு தழுவிய பதிவுச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. எஞ்சினீயர்க்கு அவ்வாறு ஒரு சட்டம் அப்போது அமையவில்லை. எனவே, கழகங்களின் உறுப்பினர் தகுதியே அவர்க்குப் பெரும் சான்றாய் விளங்கி வந்துள்ளது.

பட்டம் பெற்றுப் பணியில் சேரும் இளைஞர், முதல் நாள் தொட்டே தாம் செய்த வேலையையும், அதில் தாமே முடிவெடுத்த இடங்களையும், நேர்ந்த பிழைகளையும் ஏட்டில் குறித்து வருவாராக. அவ்வேட்டை மாதந்தோறும் வாங்கிப் பார்த்து, குறை கண்டால் திருத்தி, நிறை கண்டால் கையொப்பமிடுவது மூத்தோரின் கடமை. பெருநகரங்களில் சாட்சி கூற மூத்தோர் பலர் கிடைப்பர். தீவில் உள்ள இளைஞர்க்கோ ஒருவர் இருவரே உளர். அந்த ஒருவர், ‘எனக்கு நேரமில்லை’ என்று கூறிவிடலாகாது. டெல்ஃபோர்டு அவ்வாறு கூறியிருப்பின், அக்காப்பிக்கடைக் கூட்டம் என்றோ கலைந்திருக்கும்.