சபிக்க வந்தவர் சொன்ன வாழ்த்து

 

குர்ஆனை ஒரு வாரத்தில் ஓதி முடிக்க 7 மன்ஸில், ஒரு மாதத்தில் முடிக்க 30 ஜுஸ்உ என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். யூதர்கள் தவ்ராத்தை 54 பகுதிகளாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் வாசித்து, ஒரு வருடத்தில் முடிக்கிறார்கள். சில வாரங்களில் இரண்டு பகுதிகள் சேர்ந்து வரும். இந்த வழக்கம் எங்களுக்குப் பக்கத்திலும் இருந்தது. கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம் இன்றும் இருக்கிறது. கேரளத்து ஜெபாலயங்களில் கீழே ஒரு மேடை, மாடியில் இன்னொரு மேடை. ஓய்வுநாள் வாசிப்பு மாடியில் நடந்து வந்தது.

யூதர் என்றதும் காஸாதான் மனதில் வரும். அங்கே நடக்கும் அநியாயத்தைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்காக ஒரு வேதத்தின் வரலாற்றைப் படிக்காமல் விடத் தேவையில்லை.

ஜூன், ஜூலை மாதமளவில் வருகிற ஒரு பகுதிக்குப் பெயர் ‘பாலாக்’. கிறிஸ்தவ உறவுகள் இதை எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்திருப்பீர்கள். மோவாப் நாட்டு மன்னன் பாலாக், தன் எல்லையில் பாளயம் இறங்கிய பனூ இஸ்ராயீல் கூட்டத்துக்குப் பயந்து, அவர்களைச் சபிக்கப் பிலேயாம் என்பவரைக் கூலி பேசி அழைக்கிறான். அவர் மலையில் ஏறி வாயைத் திறக்கிறார். சாபத்துக்குப் பதிலாக வாழ்த்து வருகிறது.

இவர் யார்? 1967இல் ஜோர்தானில் தேர் அல்லா என்ற மேட்டைத் தோண்டியபோது, சுவர்ச் சாந்தில் மையால் எழுதிய வாசகம் துண்டு துண்டாகக் கிடைத்தது. ஏறக்குறைய கி.மு. 800ஆம் ஆண்டளவுக்குரியது. அதில் பெயோரின் மகன் பிலேயாம், இரவில் தரிசனம் காண்பவர் என்று வருகிறது. மூஸா நபி (அலை) காலத்துக்கு இது சாட்சி ஆகாது. ஆனால் இஸ்ராயீலர் அல்லாத மக்களிடமும் அந்தப் பெயர் புகழ்பெற்றிருந்தது என்பதற்குச் சாட்சி.

எங்கள் தஃப்ஸீர்களிலும் அவர் உண்டு. சூரா அல்-அஃராப் 175ஆம் வசனம் பெயர் சொல்லாமல் குறிப்பிடும் மனிதர் பல்ஆம் இப்னு பாஊரா என்று முபஸ்ஸிர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அறிவு கிடைத்தும் ஆசையின் பின்னால் போனவர் என்பது அங்கே படிப்பினை.

பிலேயாமின் வாழ்த்தில் ‘அஹாலீம்’ என்ற வாசனை மரம் வருகிறது. இது நம்முடைய ‘அகில்’ என்ற சொல்லோடு தொடர்புடையது என்று கால்டுவெல் 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கண நூலில் எழுதினார். ஏற்காதவர்களும் உண்டு.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பிலேயாம் அந்தக் கூடாரங்களில் எதைக் கண்டு வாழ்த்தினார்? தல்மூத் பதில் சொல்கிறது, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ரஷி என்ற உரையாசிரியரும் அதையே சொல்கிறார்: ஒரு கூடாரத்தின் வாசல் இன்னொன்றின் வாசலைப் பார்க்கவில்லை. அயலவரின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காத மானம் அது. வெளியாள் ஒருவர் சொன்ன அந்த வாழ்த்தைத்தான் யூதர்கள் இன்றும் ஜெபாலயத்துக்குள் நுழையும்போது சொல்கிறார்கள்.

இது யாழ்ப்பாணத்தாருக்கு விளங்காத விசயமா? அடுத்த வீட்டின் மறைப்புக்கு வேலி, அவசரத்துக்குப் போய்வர வேலியில் ஒரு பொட்டு. அப்படித்தான் இங்கே அயல் இருந்தது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றப்பட்டபோது வீடுகளோடு சேர்த்து அந்த அயலும் போனது. திரும்பி வந்தவர்கள் வீட்டைக் கட்டிவிடலாம். பொட்டை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும்.

கூலிக்குச் சபிக்க வந்தவரே, கண்ணால் பார்த்த பிறகு வாழ்த்திவிட்டுப் போனார். பார்க்காமலே ஒரு சமூகத்தை ஏசுகிறவர்கள், அது எந்தச் சமூகமாக இருந்தாலும், ஒருதரம் போய்ப் பார்க்கட்டும்.

வேதாகமம் படித்தவர்கள் மேலதிகமாகத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். சேர்ந்து படிப்போம்.