இழுக்கிறது இருக்கட்டும், நிறுத்துறது யாரு?



அறுவடை நெருங்குது. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் குட்டி யானை வண்டி வைத்திருக்கும் பசங்க சிலர் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வண்டிக்குப் பின்னால் ஒரு கொக்கி வெல்டிங் வைத்து, டிராக்டர் பெட்டியை மாட்டி, நெல் மூட்டை ஏத்தலாமாம். டிராக்டர் வாடகை மிச்சம். "அமெரிக்காவுல அரை டன் பிக்கப்புலயே ஒரு வீட்டையே கட்டி இழுத்துட்டுப் போறான், பாருங்க மாமா"ன்னு போனில் வீடியோ வேற காட்டுறாங்க.

ஆகும், ஆகாது என்று சொல்வதற்கு முன்னால், நம்ம வடசென்னைக் கரை இருநூறு வருஷமாகப் பாரம் இழுத்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். பதில் அதிலேயே இருக்கிறது.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்குக் கால்வாய் வெட்டினார். பிறகு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் நீட்டியது. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்கள் மண் சுமந்து வேலை செய்த கால்வாய் அது. 1878-ல் அன்றைய கவர்னர் பெயரை வைத்துப் பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகு, உப்பு, கிளிஞ்சல் எல்லாம் அதில் படகில் வந்தது. காத்து அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி போட்டுத் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். தண்ணீரில் டன் கணக்கில் பாரம் இருந்தாலும் ஒன்றிரண்டு ஆள் இழுத்தால் மெல்ல நகர்ந்துவிடும். ஆனால் நகர்ந்த படகு சொன்னவுடனே நிற்காது. கழியை ஆத்தடியில் ஊன்றி நிறுத்த ஒரு ஆள் படகிலேயே இருக்கணும்.

கட்டை வண்டிக்கு வருவோம். எங்க அப்பா காலத்தில் நம்ம பக்கத்து வைக்கோல் வண்டி கட்டித் திருவொற்றியூர் மாட்டுக்காரங்களுக்குப் போகும். பாரம் ஏத்தும்போது பெரியவங்க ரெண்டே வார்த்தைதான் பேசுவாங்க: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சமே கொஞ்சம் முன்பாரம் இருக்கிற மாதிரி ஏத்தணும். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. மாடு சொல்லித்தந்தது.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மாசி மாசம் தேர் ஓடும். பார்த்தவங்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க ஊரே வரும், கைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டை போடும் ஆள் சிலபேர்தான். தேர் திரும்புவதும் நிற்பதும் அவங்க கையில். "முட்டுக்கட்டை போடுறான்"ன்னு நாம யாரையாவது திட்டுகிறோமே, தேருக்கு அந்தக் கட்டைதான் காவல்.

1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னைக்கும் நிற்கிறது. இன்ஜின் ஒரு ஊர்ப் பாரத்தையே இழுத்தது. ஆனால் அந்தக் காலத்து ரயில்களில் பிரேக் என்பது பெரும்பாலும் ஆள் கையால் திருகுவதுதான். இன்ஜினில் ஒருத்தர், கடைசிப் பெட்டியில் கார்டு. நடுவில் இருக்கும் பெட்டி தானாக நிற்க வழியில்லை. 1869-ல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்கைக் கொண்டுவந்தார். சில வருஷத்தில் அதை இன்னும் திருத்தினார். குழாய் அறுந்து காற்று இறங்கினால், பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெட்டி கழன்று போனாலும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பாரம் இழுக்கும் வரலாற்றில் இன்ஜினுக்குச் சமமான கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் எண்ணம்.

சுதந்திரம் வந்த பிறகு எண்ணூரே வண்டி செய்ய ஆரம்பித்தது. 1948-ல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். முதலில் ஆஸ்டின் கார் பூட்டினார்கள், பிறகு லேலண்ட் லாரி. 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. 1960-ல் டாஃபே வந்தது. செம்பியத்திலிருந்து வந்த மாஸே டிராக்டர் நம்ம கிராமங்களில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பெட்டியை மாட்டியது.

அதற்குள் உலகத்தில் வேறொன்று நடந்துவிட்டது. 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏத்தி அனுப்பினார். மூட்டை மூட்டையாக இறக்கும் வேலை அதோடு குறைந்தது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளி. நம்ம ரோட்டில் 20 அடி, 40 அடி பெட்டியோடு ட்ரெய்லர்கள் நிறைந்தன.

அந்த ட்ரெய்லரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. பெட்டியின் முன்பக்க எடை இழுவை வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தட்டில் உட்கார்ந்திருக்கும். அதே முன்பாரம். கேபினுக்குப் பின்னால் பாம்பு மாதிரி சுருண்டு தொங்கும் குழாய்கள் ஏர் பிரேக்குக்கு. அதே வெஸ்டிங்ஹவுஸ் யோசனை. கண்டெய்னரின் நாலு மூலையிலும் பூட்டு. ஒண்ணு போடாமல் விட்டாலும் வளைவில் பெட்டி சாயலாம்.

வண்டிக்குள் இவ்வளவு யோசித்தவங்க, வண்டி நிற்க இடம் யோசிக்கவில்லை. ராயபுரம் ஜீரோ கேட்டில் தேங்கினால் வரிசை திருவொற்றியூரைத் தாண்டி நீளும். டிரைவர்கள் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் கேபினிலேயே கிடப்பார்கள். குளிக்க, கழிக்க இடமில்லை. ரோடே நிறுத்துமிடம். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் ட்ரெய்லர் பின்னால் டூ வீலரில் வந்து மோதுகிறவன் நம்ம வீட்டுப் பிள்ளை. எண்ணூர்-மணலி சாலை விரிவாக்கம் வருஷக்கணக்கில் இழுத்த கதை அந்தப் பக்கம் போய்வருகிறவங்களுக்குத் தெரியும்.

இப்போ குட்டி யானைக்கு வருகிறேன். 2005-ல் வந்த டாட்டா ஏஸ் முக்கால் டன் சுமக்கச் செய்த வண்டி. அதன் சொந்த எடையே ஒரு டன்னுக்குள்தான். 75 கிலோ மூட்டை 40 ஏத்தினால் 3 டன். பெட்டி எடை தனி. ஒண்ணாம் கியரில் இழுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓடை இறக்கத்தில் மூணு டன் பின்னாலிருந்து தள்ளும்போது, ஒண்ணரை டன்னுக்காகச் செய்த பிரேக் என்ன பண்ணும்? பெட்டி வண்டியைத் தள்ளி மடக்கிப் போடும். வேகம் ரெட்டிப்பானால் நிறுத்த வேண்டிய தூரம் ஏறக்குறைய நாலு மடங்கு.

அந்த அமெரிக்க வண்டியின் கணக்கும் வேற. "அரை டன்" என்பது பழைய பெயர், இன்றைக்கு அது அதைவிட நிறையவே சுமக்கும். அப்படியும் அங்கே கணக்குப் பார்த்துத்தான் கட்டுவார்கள். பின்வண்டி எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில் அமரணும். 3 டன் வண்டி என்றால் 300 முதல் 450 கிலோ. குடும்பமும் ஏறினால் பிக்கப் சுமக்கும் அளவு அதிலேயே தீர்ந்துவிடும். பின்வண்டிக்குத் தனி பிரேக், கொக்கி கழன்றால் பிடிக்கச் சங்கிலி, எல்லாம் உண்டு. வீடியோவில் அதைக் காட்டமாட்டான்.

அதனால் தம்பிகளா, குட்டி யானைக்குப் பெட்டி வேண்டாம். டிராக்டரில் ஏத்தினாலும் கொஞ்சம் முன்பாரமாக ஏத்துங்க, பின்னுக்கு லாக்கு போடுங்க, சங்கிலி ஒண்ணு மாட்டுங்க, பெட்டிக்குப் பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுங்க, மூட்டை மேல் பிள்ளைகளை உட்கார வைக்காதீங்க. வாடகைதான் பிரச்சினை என்றால் நாலு வீடு சேர்ந்து ஒரு டிராக்டர் பேசலாம். என் பங்குக்கு 30 மூட்டை இருக்கும், என்னையும் சேர்த்துக்குங்க.