142 மேட்ச்.. 2 கோல்.. ரெண்டும் ஒரே நாளில்! யார் இந்த லிலியன் துராம்?

பிரான்ஸ் அணிக்காக 142 சர்வதேசப் போட்டிகள். அடித்த கோல் வெறும் 2. அந்த ரெண்டும் விழுந்தது ஒரே மேட்சில், அதுவும் உலகக் கோப்பை அரையிறுதியில்! கால்பந்து ரசிகர்கள் இன்றும் பேசும் டிஃபெண்டர் லிலியன் துராமின் கதை இது.

1972-ல் கரீபியன் தீவான குவாடலூப்பில் பிறந்தவர் துராம். 9 வயதில் பாரிஸ் பக்கம் குடிவந்தார். வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துத்தான் அம்மா பிள்ளைகளை வளர்த்தார். அர்சென் வெங்கர் பயிற்சியாளராக இருந்த மொனாக்கோ கிளப்பில் துராமின் தொழில்முறை ஆட்டம் தொடங்கியது.

அந்த அரையிறுதியில் என்ன நடந்தது?

1998 ஜூலை 8. எதிரணி குரோஷியா. இடைவேளை முடிந்த உடனேயே டாவர் சுக்கர் கோல் அடித்துவிட்டார். காரணம் துராம்தான். மற்ற டிஃபெண்டர்கள் முன்னே நகர, இவர் மட்டும் பின்னால் நின்றுவிட்டதால் சுக்கருக்கு ஆஃப்சைடு இல்லாமல் போனது. சொந்த மண்ணில் உலகக் கோப்பையே கைநழுவும் நிலை.

அடுத்த நிமிடமே போபனிடமிருந்து பந்தைப் பறித்து, ஜோர்கேஃபுடன் பாஸ் ஆடி, தானே கோல் அடித்தார். 70-வது நிமிடத்தில் இடது காலால் இன்னொன்று. முழங்காலிட்டு, உதட்டில் விரலை வைத்து யோசிப்பது போல உட்கார்ந்த அந்த போஸ் செம ஃபேமஸ். அவருக்கே நம்ப முடியவில்லை போல! 2-1 வெற்றி. இறுதிப்போட்டியில் பிரேசிலை 3-0 என வீழ்த்தி பிரான்ஸ் சாம்பியன் ஆனது.

கிளப் வாழ்க்கை எப்படி?

பார்மாவில் கோல்கீப்பர் பஃபன், டிஃபெண்டர் கன்னவாரோ, துராம் என மூன்று பேரும் ஒன்றாக நின்ற தடுப்பைத் தாண்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. 1999-ல் யூஇஎஃப்ஏ கோப்பை வந்தது. 2001-ல் பஃபனும் துராமும் யுவென்டஸ் போனார்கள். பிறகு பார்சிலோனா.

2008-ல் பிஎஸ்ஜி கிளப்பில் சேர இருந்தபோது, மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் பிரச்னை இருப்பது தெரிந்தது. 36 வயதில், வழியனுப்பு மேட்ச் கூட இல்லாமல் ஆட்டம் நின்றது. அதிக போட்டிகளில் ஆடிய பிரான்ஸ் ஆண்கள் அணி வீரர் என்ற சாதனை மட்டும் 2022-ல் ஹியூகோ லோரிஸ் முந்தும் வரை அவரிடமே இருந்தது.

மைதானத்துக்கு வெளியே..

வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பிரான்ஸ் அணி என்பதா என்று 1996-லேயே வலதுசாரித் தலைவர் லெ பென் சீண்டியிருந்தார். துராம் இதுபோன்ற விஷயங்களில் வாயை மூடிக்கொண்டு இருக்கும் ஆள் இல்லை. 2006-ல் பாரிஸ் அருகே தங்குமிடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேறிகளை, சக வீரர் வியெராவுடன் சேர்ந்து இத்தாலிக்கு எதிரான மேட்ச் பார்க்க அழைத்தார். ஓய்வு பெற்ற அதே 2008-ல் இனவெறிக்கு எதிரான கல்விக்காக அறக்கட்டளை தொடங்கினார்.

கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் பெயரைத்தான் மூத்த மகனுக்கு வைத்தார். அந்த மார்கஸ் துராம் இப்போது பிரான்ஸ் அணி வீரர். ஆனா டிஃபெண்டர் இல்லை, ஸ்ட்ரைக்கர்!