லயக் காம்பராவும் ரேடனும்: மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் அளக்க வேண்டியவை

1. நிலம்

ஹட்டன், நுவரெலியா வட்டாரத் தேயிலைச் சரிவுகள் இலங்கைப் பாறையமைப்பின் உயர்நிலத் தொகுதியில் அடங்குபவை. சார்னோக்கைட், நைஸ் போன்ற இப்பாறைகளிலும் அவை உதிர்ந்த மண்ணிலும் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு கலந்துள்ளன. யுரேனியத்தின் சிதைவு வரிசையில் ரேடன் வாயு பிறக்கிறது. தோரியத்தின் வரிசையில் தோரன். இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை. ரேடனின் அரைவாழ்வு 3.8 நாள். மண்ணிடுக்குகளில் நகர்ந்து தரை வெடிப்பு வழியே அறைக்குள் ஏற அந்தக் கால அளவு போதும். தோரனுக்கோ ஒரு நிமிடம்கூட இல்லை. சுவருக்கும் தரைக்கும் மிக அருகில்தான் அதன் செறிவு மிகுந்திருக்கும்.

பிற நாட்டு ஆய்வுகள் பலவும் தோரனைப் பொருட்படுத்துவதில்லை. இலங்கையில் அப்படி விடலாகாது. தோரியனைட் என்னும் கனிமம் 1904 இல் இத்தீவிலிருந்துதான் உலகுக்குத் தெரியவந்தது. அந்நாளில் இலங்கைக் கனிமவியல் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி.

2. தீங்கு

ரேடனைப் புற்றுநோய்க் காரணி என்று 1988 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. காற்றில் ரேடன் கனமீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்க அலகு) கூடும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 16 சதவீதம் உயர்கிறது. வீடுகளுக்கு 100 பெக்கரலை மேற்கோள் அளவாக வைக்குமாறும், இயலாத நாடுகள் 300ஐத் தாண்டக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2009 இல் பரிந்துரைத்தது. புகைப்பவருக்கு ஆபத்து பன்மடங்கு.

3. குடியிருப்பு

பிரித்தானியர் கட்டிய லயன் என்னும் வரிசைக் குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்கு வாய்த்தது சுமார் 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, அதாவது ஓர் அறை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன்களில் பின்சுவரில் சன்னலுக்கே இடமில்லை. காற்று ஒரு பக்கமாக வந்து அதே பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். சரிவை வெட்டிக் கட்டிய இடங்களில் தரையோடு சுவரும் மண்ணைத் தொடுகிறது. குளிரில் கதவு அடைபட்டிருக்கும், உள்ளே விறகடுப்பு. ரேடன் சிதைந்து உண்டாகும் துகள்கள் புகையில் ஒட்டிக்கொண்டு காற்றில் நெடுநேரம் மிதக்கும்.

ஆனாலும் பழைய லயனில் அளவு கூடுதல், புது வீட்டில் குறைவு என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது பிழை. தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி குளிரை மட்டுமா விடுகிறது, வாயுவையும் வெளியேற்றுகிறது. 2014 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பின் வேகம் பெற்ற, ஏழு பேர்ச் நிலத்தில் அமையும் தனிவீடுகளில் அந்த இடைவெளி இல்லாமலிருக்கலாம். இரண்டையும் அளந்தாக வேண்டும்.

4. அளவை

தோட்டங்களுக்கு ஏற்றது, ஆல்ஃபா துகள்களின் தடம் பதியும் ஆல்ஃபா தடப் படலம். மின்சாரம் வேண்டாம், சத்தமில்லை, விலையும் குறைவு. படுக்கும் இடத்தில், அடுப்புக்கும் வாசலுக்கும் விலகி, மூன்று மாதம் தொங்கவிட வேண்டும். மழைக்காலம் ஒருமுறை, தை மாசி வறட்சியில் ஒருமுறை என இருமுறை அளப்பது நல்லது. தோரனைப் பிரித்தறிய இரட்டை அறைக் கருவி தேவை. இல்லாவிட்டால் சுவரருகே மாட்டிய படலம் தோரனையும் ரேடன் கணக்கில் சேர்த்துவிடும். இரட்டை லயனின் இரு பக்கமும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும். பிள்ளைக் காம்பராவை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது: தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் குழந்தைகள் அங்கேதான்.

5. பொறுப்பு

லயன் தோட்டத்தின் சொத்து. குடியிருப்பவர் தன் விருப்பப்படி தரையைத் தோண்டவோ சுவரில் துளையிடவோ முடியாது. ஆகவே அளவை முடிவு தமிழில் குடும்பத்தின் கைக்கு வரவேண்டும். திருத்தும் செலவு நிர்வாகத்தையும் அரசையும் சேரவேண்டும். வெடிப்புகளை அடைப்பது முதற்படி. அது மட்டும் போதாது. தரைக்கடியிலிருந்து கூரைக்கு மேல் ஒரு குழாய் ஏற்றிச் சிறு விசிறியால் வாயுவை இழுத்துவிடுவதே பலன் தரும் வழி. புது வீடுகளில் அடித்தளம் போடும்போதே சரளைக்கல் பரப்பி அக்குழாயைப் புதைத்துவிட்டால் கூடுதல் செலவு சொற்பம். மண்சரிவு அபாயம் பார்க்கத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்துக்கு வருகிறார்கள். வீட்டுத் திட்ட வரைபடத்தில் இக்குழாயைக் கட்டாயமாக்கும் நிபந்தனையை அந்தக் கட்டத்திலேயே சேர்க்கலாம்.