கொம்பும் செவியும்

யாப்பை விட்டவர்களுக்குச் செவி இல்லை என்பது 1959இல் 'எழுத்து' தொடங்கிய நாட்களிலிருந்தே புதுக்கவிதை கேட்டு வரும் குற்றச்சாட்டு. பதில் சொன்னவர்களும் பெரும்பாலும் யாப்பைப் பற்றியே பேசினார்கள். தமிழ்ச் செவி எங்கே, எப்படிப் பழக்கப்பட்டது என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. அதன் சரித்திரத்தைக் கவிஞர்களிடம் தேடுவதைவிட அரிச்சுவடி படித்த பிள்ளைகளிடம் தேடலாம் என்று எனக்குப் படுகிறது.

எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்கிறது தொல்காப்பியம். ஆனால் ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இட்டதில்லை. ஓலை கிழியும் என்பது சொல்லப்படும் காரணம். ஆகாரத்தின் காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம் வேறு. ஆக ஒரு கொம்பு, ஒரு சகரம், ஒரு கால் - இம்மூன்றையும் சொ, சோ, செர, சேர, செர், சேர் என ஆறு விதமாக வாசிக்கலாம். சோழநாடும் சேரநாடும் ஏட்டில் ஒரே மாதிரிதான் தொடங்கும். அடுத்து ழகரம் வந்தால் சோழன், நகரம் வந்தால் சேரன். கண் முன்னே போய்த் திரும்பி வந்த பிறகே முதல் உயிர் இன்னது என்று தெரியும். எழுத்தைக் கூட்டி வாக்கியத்தை அடைவது போக, வாக்கியத்தைக் கொண்டு எழுத்தை அடைய வேண்டியிருந்தது.

இத்தகைய ஏட்டுக்குப் பிள்ளையை எப்படித் தயார் செய்தார்கள்? 19ஆம் நூற்றாண்டிலும் பல ஏடுகள் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிக்காமலே எழுதப்பட்டன. ஆனால் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் நகரும்போது வாய் சொன்ன பெயர்களைக் கவனியுங்கள்: அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா, எனா, ஏயன்னா. குறிலின் பெயர் சட்டென்று முடிகிறது. நெடிலின் பெயர் ஒரு வகரத்தையோ யகரத்தையோ கூட்டிக்கொண்டு நீள்கிறது. ஏடு காட்டாத வேற்றுமையை வாய் காட்டிற்று. அடுத்து ஆத்திசூடி. ஒவ்வோர் உயிரும் ஒரு சிறு வாக்கியத்தின் தலையில் நின்று காதில் விழுந்தது. ஏட்டைக் கையில் வாங்கும்போது பிள்ளையிடம் மனப்பாடமாக எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன. அறிந்த ஓசையை ஓலையில் அடையாளம் காண்பதே வாசிப்பு.

இதற்கு ஒரு விலை உண்டு. ஆசானின் வாய் இல்லாமல் ஏடு திறக்காது. அந்த வாய் எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவில்லை. இதை மறந்து திண்ணையை நினைத்து உருகுவது பொய்.

கொம்பின் தலையைச் சுழித்து ஏகார ஓகாரங்களைப் பிரித்தவர் வீரமாமுனிவர் (1680-1747) என்பார்கள். தரங்கம்பாடியில் 1715இலேயே புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகியிருந்தது. பின்னால் அச்சு இந்தச் சுழிப்பை நிலைப்படுத்தியது. காலும் ரகரமும் பிரிந்தன. செவி செய்த வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமலே ஒருவன் படிக்கலாம் என்றானதை நான் ஒரு சமூக நிகழ்ச்சியாகவே பார்க்கிறேன். 1978இன் எழுத்துச் சீர்திருத்தமும் இதே திசையில் இன்னோர் அடிதான்.

ஆனால் எழுத்து எல்லாவற்றையும் காட்டிவிடவில்லை. 'வீடு' என்பதன் ஈற்று உகரம் அரை மாத்திரை. உயிர் வந்தால் அதுவும் இல்லை. 'தலைவன்' என்பதில் ஐகாரம் குறுகி ஒலிக்கிறது. எந்தக் கொம்பும் இவற்றைச் சொல்வதில்லை. ஓர் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் 'வீடு எங்கே' என்று ஒவ்வோர் உயிருக்கும் முழு எடை கொடுத்து வாசிப்பதைக் கேட்டேன். எழுத்துக்கள் அத்தனையும் சரி, வாக்கியத்தைக் காணோம். பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேள் என்றார் ஆசிரியை. 'வீடெங்கே' என்று வந்தது. இலக்கணம் பேர் வைத்துச் சொல்வதை அந்தப் பெண் பேர் தெரியாமலே செய்துவிட்டாள்.

புதுக்கவிதை விட்டது அசைக் கணக்கை மட்டும். குறிலும் நெடிலும் குறுக்கங்களும் வாக்கியத்திலேயே இருக்கின்றன; அதை எழுதுகிறவனுக்கு ஓசையென்று இருப்பது அவைதான். யாப்பு எண்ணித் தந்ததை அவன் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணால் மட்டும் படிக்கப் பழகிய தலைமுறை எழுதியதையும் கண்ணால் மட்டும் மதிப்பிடுகிறோம். ஒரு கவிதையை உரக்க வாசித்துப் பார்க்காமல் அதற்கு ஓசை இல்லை என்று எழுதுகிற விமர்சகரும், இருக்கிறது என்று வாதாடுகிற கவிஞரும் அந்த ஆசிரியையிடம் ஒரு மணி நேரம் உட்காரலாம்.