சங்கிலியும் தியோடலைட்டும்

நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வானூர் பக்கம் சர்வே என்றாலே அதன் கலகலச் சத்தம்தான் நினைவுக்கு வரும். 66 அடி நீளம், 100 லிங்க்ஸ். மரக்காணம் உப்புக் காற்றிலும் முள் காட்டிலும் இழுபட்டு, வளையங்கள் தேய்ந்து வாய் பிளந்து, சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுவிடும். ஒரே ஒரு லிங்க் அளவு நீண்டிருந்தால் போதும், உங்கள் ஒரு ஏக்கர் நிலம் கணக்கில் 98 சென்ட் ஆகிவிடும். விற்பவனுக்கு வயிற்றெரிச்சல், வாங்குபவனுக்கு யோகம்.

நான் பிரெஞ்சில் படித்தவன். பௌதிக வகுப்பில் 'லிமித் தெலாஸ்திசித்தே' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். தமிழில் மீட்சி எல்லை. அளவாக இழுத்தால் உலோகம் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். நீட்சி இழுவிசைக்கு ஏற்றபடி இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இலேயே எழுதிவிட்டார். எல்லையைத் தாண்டி இழுத்தால் முழுதாகத் திரும்பாது, கொஞ்சம் கோணல் தங்கிவிடும்.

இதன் அருமையை நம் மண்ணில் நன்றாக உணர்ந்தவர் வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கையில் நூறு அடி எஃகுச் சங்கிலி, இரண்டரை அடி வீதம் 40 கண்ணிகள். சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே வேண்டாம் என்று திரும்பி வந்த சங்கிலி அது! அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரப் பெட்டிகளில் கிடத்தி, ஒரே அளவு எடை கட்டி இழுத்து, கூடாரத் துணியால் வெயிலை மறைத்து, வெப்பமானி வைத்து அளந்தார். தேய்ந்து நீண்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சங்கிலியும் வைத்திருந்தார். வீண் சிரத்தை என்று நினைக்க வேண்டாம். எஃகுக்குப் பத்து டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் நூறு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்தான் நீளும். ஆனால் ஏழரை மைலுக்குச் சுமார் 400 தடவை சங்கிலி போடவேண்டும். பிழை நாலரை அடியைத் தாண்டிவிடும். அந்தக் கோட்டை வைத்துத்தான் கடலூர் வரை நம் கரையோரமாக முக்கோணங்கள் அமைத்தார்.

கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் லண்டனிலிருந்து வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மன்னிக்கவும்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அந்தக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணங்கள் பொறித்த மூன்றடி வட்டம் நசுங்கிக் கோணிவிட்டது. மீட்சி எல்லையைத் தாண்டிய அடி, தானாகத் திரும்ப வழியே இல்லை. வேறு கருவி வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும்.

லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. பெரிய பலகையில் சரியான அளவில் ஒரு வட்டத்தை வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு கோணிய உலோகத்தை அந்த வட்டத்துக்குள் பொருந்துமாறு மெல்ல மெல்ல இழுத்தார். வளைந்த கம்பியை நிமிர்த்திப் பார்த்தவர்களுக்கு இதன் சிரமம் தெரியும். நேராகும் வரை வளைத்துக் கையை எடுத்தால் அது கொஞ்சம் பின்வாங்கும். நேரைத் தாண்டி எதிர்ப்பக்கம் வளைத்தால்தான் நேரில் வந்து நிற்கும். எவ்வளவு தாண்டவேண்டும் என்பது கையின் அனுபவம். அதிகமானால் கோணல் மறுபக்கம் போய்விடும், உலோகம் வெடிக்கவும் கூடும்.

ஆறு வாரம் ஆயிற்று. வட்டம் ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது. பழுது பார்த்த அந்தக் கருவியை வைத்தே வேலை தொடர்ந்தது. 1823இல் ஹிங்கன்காட்டில் லாம்ப்டன் காலமானபோது, தெற்கிலிருந்து தொடங்கிய அளவை நாட்டின் நடுப்பகுதியை எட்டியிருந்தது.